எத்தனை பேருக்கு

பாகலூர் சாலையில் புதிதாய்த் திறந்த கடை.
மூன்று கிரில்கள் நின்றன,
ஷிப்ட் மாறும் நேரத்து ஆட்கள் போல
ஒன்றையொன்று பார்க்காமல்.

முதலாவது கேஸ். நாலு பர்னர்,
மூடியில் சூடு காட்டும் முள்.
அடுத்தது கரி. பானையைக் கவிழ்த்தாற்போல் உருண்டை,
மூன்று கால்.
கடைசியில் இருந்தது கரன்ட்.
அந்தப் பக்கமே நான் போகவில்லை.
எங்கள் தெரு மின்சாரத்தின் குணம்
எனக்குத் தெரியும்.

பதினோரு வருடமாய் தர ஆய்வுப் பிரிவு.
வால்வு மூடிகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து
தேறாததைச் சிவப்புத் தட்டில் போடுகிற கை.
சும்மா இருக்குமா?
உருண்டையின் மூடியை இறக்கி
விளிம்பில் நகத்தை ஓட்டினேன்.
இடது பக்கம் ஒரு மில்லிமீட்டர் வாய் பிளந்திருந்தது.
காலை ஆட்டினேன்.
ஒரு நட்டு மரையில் பாதிதான் ஏறியிருந்தது.

"அக்கா, இது கறி சுடற சாமான். ராக்கெட் இல்ல"
என்றான் கடைப் பையன் அஃப்ரோஸ்.
"சார் வரலையா?"
"நைட் ஷிப்ட் முடிச்சுத் தூங்கறார்."
"சரி, எத்தனை பேருக்கு?"

அதை எண்ணாமல் வந்திருந்தேன்.

நான். அவர்.
மாடியில் ஒடிசாப் பையன்கள் நாலு பேர்.
புகை அவர்கள் ஜன்னலுக்குத்தான் போகும்,
கூப்பிடாமல் எப்படி?
வீட்டு ஓனர் புட்டசாமி மூக்கைப் பொத்திக்கொள்வார்,
சோளக்கதிர் என்றால் இரண்டு கேட்பார்.
அப்புறம்
சென்னீரப்பன்.

என் தம்பி.
சாலைக்கு நிலம் போனது,
பணம் வந்தது,
பேச்சு நின்றது.
இரண்டு வருடம் நாலு மாதம்.
போன செவ்வாய் அவனே போன் செய்தான்.
மகளுக்கு ஓசூரில் காலேஜ் சீட் கிடைத்திருக்கிறதாம்.
"ஞாயித்துக்கிழமை வர்றோம்."
நான் "சரி" என்பதற்குள் வைத்துவிட்டான்.

நாலு பர்னரில் எட்டு மீன் ஒரே தடவையில் வெந்துவிடும்.
தட்டு, வெங்காயம், எலுமிச்சை,
கை கழுவத் தண்ணீர்,
"இருட்டறதுக்குள்ள கெளம்பறோம்."
அவனை எனக்குத் தெரியும்.
வாயில் சோறு இருக்கிறவரை
பேசாமலிருக்க அவனுக்கு ஒரு காரணம் இருக்கும்.

உருண்டையின் கம்பி வலையைச் சாண் போட்டேன்.
ஒரு சாண், மூன்று விரல்.
அணைக்கட்டு ஜிலேபிக் கெண்டை இரண்டு கிடக்கும்,
அதுவும் வாலை மடித்தால்.
கரி கனலவே அரைமணி.
முதல் இரண்டு அவன் மகளுக்கும் மனைவிக்கும்.
அடுத்தது மாடிக்குப் போகும், அதற்கடுத்ததும்.
அவன் முறை வருவதற்குள்
குளிர் இறங்கிவிடும்,
கையை நெருப்பின் மேல் நீட்டித்தான் ஆக வேண்டும்.
எதிர்ப்பக்கம் நான் விசிறிக்கொண்டு நிற்பேன்.
காற்று திரும்பினால் புகை யார் கண்ணுக்கும் போகும்.
கண்ணைத் துடைக்கிற சாக்கில்
எதையாவது சொல்லிவிடலாம்,
நான் கையெழுத்துப் போட்ட நாளைப் பற்றிக்கூட.

"இதுவா? இது ரெண்டு பேருக்குத்தான் பத்தும் அக்கா."
"தெரியும்."
"பெருசு எடுத்தா தவணை இருக்கு."
"மூடியில ஒரு எம்எம் கேப் இருக்கு. அதுக்கு என்ன கழிப்ப?"
அவன் நகத்தை ஓட்டிப் பார்த்தான்.
எனக்குக் கேட்ட சத்தம் அவனுக்குக் கேட்கவில்லை.
இருந்தாலும் இருநூறு கழித்தான்.

ஸ்கூட்டரின் பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டினோம்.
வேகத்தடை ஒவ்வொன்றிலும்
சாம்பல் தட்டு உள்ளே புரண்டு
ஏதோ கேட்டுக்கொண்டே வந்தது.
மூக்கண்டப்பள்ளி தாண்டும்போதுதான் உறைத்தது:
கரி வாங்கவில்லை.
விசிறியும் இல்லை.
இடுக்கி மட்டும்
இரண்டு வாங்கியிருந்தேன்.